குழாமும் தேசமும்: 1958ஆம் ஆண்டின் பிரெஞ்சு உதைபந்தாட்டப் பட்டியல் பற்றிய ஒரு நோக்கு

உலகக் கிண்ண உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன்னர், பங்குபற்றும் நாடு ஒவ்வொன்றும் தன் குழாத்தின் பெயர்ப்பட்டியலை வெளியிடுவது வழக்கம். பெயர், வயது, ஆடும் இடம், சார்ந்த கழகம் என நான்கு நிரல்களில் அடங்கிவிடும் அப்பட்டியல் பத்திரிகைகளில் அச்சாகிறது. இடம்பெற்றவர் எவர், விடுபட்டவர் எவர் என்னும் வாதம் சில நாள் நிகழ்கிறது. முதலாவது ஆட்டம் ஆரம்பித்ததும் பட்டியல் மறக்கப்படுகிறது. ஆட்டங்களைப் பற்றி ஏராளமாக எழுதியோர் பட்டியல்களை அந்த அளவுக்குப் பொருட்படுத்தினாரல்லர். ஒரு நாடு தன்னைப் பிற நாடுகளின் முன் நிறுத்துவதற்காகத் தானே எழுதிக்கொள்ளும் ஆவணங்களுள் இதைப்போலச் சுருக்கமானவை சிலவே. அரசியலமைப்பின் முகவுரையில் ஒரு நாடு தான் எவ்வாறு காணப்பட விரும்புகிறது என்பதைக் கூறலாம். குழாத்தின் பட்டியலிலோ, தனக்குக் கிடைக்கக்கூடியவர் எவரென்பதை அது கூறவேண்டியுள்ளது.

இத்தகைய பட்டியல்களைப் படிப்போர் பெரும்பாலும் இரு வழிகளுள் ஒன்றையே பின்பற்றுவர். குழாம் தேசத்தின் கண்ணாடி என்பது ஒரு கொள்கை. அதன்படி, பல்லின மக்கள் வாழும் நாட்டின் பட்டியலில் பல்லினப் பெயர்கள் காணப்படுவது அந்நாட்டின் நல்லிணக்கத்துக்குச் சான்றாகும். குழாத்தை விடுதலை வேட்கையின் வீரகாவியமாகக் காண்பது மற்றைய கொள்கை. ஒடுக்கப்பட்ட மக்களின் ஆட்டக்காரர் அனைவரும் உள்ளத்தால் போராளிகளே என அது கொள்ளும். இவ்விரண்டும் ஒருங்கே பயன்படுத்தப்பட்டதும், இரண்டின் போதாமையும் தெளிவாக வெளிப்பட்டதுமான இடம் 1958ஆம் ஆண்டு சுவீடனில் நடைபெற்ற உலகக் கிண்ணத்துக்குச் சென்ற பிரெஞ்சுக் குழாம் ஆகும். அப்பட்டியலில் அச்சிடப்பட்ட இருபத்திரண்டு பெயர்களோடு, அச்சிடப்படாத இரண்டு பெயர்களையும் சேர்த்து வாசிக்கவேண்டியுள்ளது.

பிரெஞ்சுக் குழாத்தின் வரலாறு தொடக்கம் முதலே கடல்கடந்த ஒரு வரலாறு. 1930ஆம் ஆண்டு உருகுவேயில் நடந்த முதலாவது உலகக் கிண்ணத்தில் பிரான்சின் தலைவராக ஆடிய அலெக்சாந்தர் வில்லப்பிளான் அல்ஜியர்ஸ் நகரிற் பிறந்தவர். ஐரோப்பியக் குடியேறியோர் வழிவந்தவர். அதே மனிதர் நாற்சி ஆக்கிரமிப்பாளரோடு ஒத்துழைத்த குற்றத்துக்காக 1944ஆம் ஆண்டு திசெம்பரில் மரண தண்டனைக்குள்ளானார் என்பதைத் தேசத்தின் கண்ணாடி பற்றிப் பேசுவோர் நினைவுகூர்வது குறைவு. செனகலின் பிரதிநிதியாகப் பிரெஞ்சுப் பாராளுமன்றத்தில் அமர்ந்திருந்த பிளேஸ் டியாஞ் என்பாரின் மகன் றவுல் டியாஞ் 1931இல் பிரெஞ்சு அணியில் ஆடிய முதலாவது கறுப்பினத்தவரானார். 1938ஆம் ஆண்டின் உலகக் கிண்ணக் குழாத்திலும் இடம்பெற்றார். கசபிளாங்காவில் தோன்றிய லார்பி பென் பாறெக் 1938 முதல் 1954 வரை பிரான்சுக்காக ஆடியும், ஓர் உலகக் கிண்ண ஆட்டத்திலேனும் கால்பதிக்கும் வாய்ப்பைப் பெறவில்லை. குடியேற்ற நாடுகளிலிருந்து மூலப்பொருள் திரட்டப்பட்ட முறைக்கும் ஆட்டத்திறன் திரட்டப்பட்ட முறைக்கும் இடையே ஒப்புமை உண்டு எனக் கூறுவது மிகையன்று. ஒரு வேறுபாட்டை மட்டும் மறத்தலாகாது. மூலப்பொருளுக்கு நினைவு இல்லை.

1958ஆம் ஆண்டுப் பட்டியலுக்கு வருவோர் முதலிற் காண்பது சுரங்கத்தையே. அக்குழாத்தின் மூளையென விளங்கிய றேமோன் கோபாவின் குடும்பப் பெயர் கோபாசெவ்ஸ்கி. வட பிரான்சின் நிலக்கரிப் பிரதேசத்துக்கு வேலை தேடிவந்த போலந்துக் குடும்பத்திற் பிறந்து, பதினான்கு வயதிலே சுரங்கத்தினுள் இறங்கி, அங்கு நேர்ந்த விபத்தொன்றில் கைவிரலிற் சேதமுற்றவர் அவர். வலப்புற முன்னணியில் ஆடிய மரியான் விஸ்னியெஸ்கியும் அதே பிரதேசத்தின் போலந்துச் சமூகத்தவர். முதலாம் உலக யுத்தத்தின் பின் மனித வலுவை இழந்துநின்ற பிரெஞ்சுச் சுரங்கங்கள் போலந்துத் தொழிலாளரை ஒப்பந்த அடிப்படையிற் கூட்டம் கூட்டமாக வரவழைத்தன. 1930களின் பொருளாதார மந்தம் வந்தபோது அவர்களுள் ஆயிரக்கணக்கானோரைப் புகையிரதங்களில் ஏற்றித் திருப்பியனுப்பின. அவ்வாறு அனுப்பப்படாது எஞ்சிய குடும்பங்களின் பிள்ளைகளே கோபாவும் விஸ்னியெஸ்கியும். ஒரு வேலைநீக்கப் பட்டியலில் தந்தையின் பெயர் இடம்பெறாமையால் ஒரு குழாத்தின் பட்டியலில் மகனின் பெயர் இடம்பெற்றது. கோபாவைப் பிரெஞ்சுத் தேசத்தின் உள்வாங்கும் ஆற்றலுக்கு உதாரணமாகக் காட்டுவோர் இந்த இடைநிகழ்வைத் தாண்டிச் சென்றுவிடுகின்றனர்.

அச்சுற்றுப்போட்டியில் ஆறு ஆட்டங்களிற் பதின்மூன்று கோல்களைப் போட்டு, இன்றுவரை எவராலும் எட்டப்படாத சாதனையை நிலைநாட்டிய ஜூஸ்ற் பொன்ரேன் பிறந்த இடம் மொறோக்கோவின் மராக்கேஷ் நகரம். பிரெஞ்சுத் தந்தைக்கும் ஸ்பானியத் தாய்க்கும் பிறந்தவர் அவர். குழாத்திலிருந்த செலஸ்தீன் ஒலிவர் அல்ஜீரியாவின் மொஸ்தகானெம் நகரில் ஐரோப்பியக் குடியேறியோர் மத்தியிற் பிறந்தவர். வட ஆபிரிக்கா பிறப்பிடமாக அப்பட்டியலில் இருக்கிறது. வட ஆபிரிக்காவின் மக்கள் அங்கு இல்லை. பட்டியல் வாசிப்பில் இவ்வேறுபாடே முதன்மையானது.

அவர்கள் இருந்திருக்கவேண்டியவர்கள். அல்ஜீரியா அக்காலத்தில் சட்டப்படி பிரான்சின் மாகாணங்களாகவே கொள்ளப்பட்டது. ஆகவே அல்ஜீரிய முஸ்லிம் ஆட்டக்காரர் பிரெஞ்சுக் கழகங்களில் அந்நியராகக் கணிக்கப்படவில்லை. அந்நிய ஆட்டக்காரர் மீதான கட்டுப்பாடுகள் அவர்களைத் தொடவுமில்லை. வாக்குரிமையிலும் காணியுரிமையிலும் இரண்டாந்தரத்தவராக வைக்கப்பட்ட ஒரு மக்கட்கூட்டம் உதைபந்தாட்டச் சந்தையில் மட்டும் முழுப் பிரெஞ்சுக்காரராக மதிக்கப்பட்டமைக்குக் கழகங்களின் இலாபமே காரணம் என்பதை விளக்கவேண்டியதில்லை. அப்தெலஸீஸ் பென் திபூர் 1954ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தில் பிரான்சுக்காக ஆடினார். மொனாக்கோ கழகத்தின் முஸ்தபா ஸித்தூனி 1957 இறுதியிலிருந்து தேசிய அணியின் நடுப்பின்னணியில் நான்கு ஆட்டங்களிற் பங்குபற்றியிருந்தார். 1958 மார்ச்சில் ஸ்பெயினுக்கெதிராக ஆடியபோது டி ஸ்ரெபானோவைக் கட்டுப்படுத்தும் பணி அவருக்கே வழங்கப்பட்டது. சென்-எற்றியென் கழகத்தின் றஷீட் மெக்லூபி 1957இல் கழகத்தோடு பிரெஞ்சுச் சம்பியன் பட்டத்தையும், பிரெஞ்சு இராணுவ அணியோடு படையினருக்கான உலகப் பட்டத்தையும் வென்றிருந்தார். வயது இருபத்தொன்று. சுவீடன் செல்லும் குழாத்தில் இவ்விருவரும் இடம்பெறுவர் என்பதில் அப்போது எவருக்கும் ஐயமிருக்கவில்லை.

மெக்லூபி செற்றீப் நகரத்தவர். 1945 மே 8ஆம் திகதி, ஐரோப்பாவில் யுத்தம் முடிந்த வெற்றி நாளன்று, அந்நகரின் ஊர்வலத்தில் அல்ஜீரியக் கொடி உயர்த்தப்பட்டபோது தொடங்கிய துப்பாக்கிச் சூடும், அதனைத் தொடர்ந்து நிகழ்ந்த கலவரங்களும், அவற்றுக்குப் பழிவாங்கலாக வாரக்கணக்கில் நடந்த அடக்குமுறையும் ஆயிரக்கணக்கான அல்ஜீரியரின் உயிரைக் குடித்தன. அப்போது அவர் எட்டு வயதுச் சிறுவன். பின்னாளில் அவர் எடுத்த முடிவுக்கு விளக்கம் தேடுவோர் இந்த ஒன்றையே போதுமானதெனக் கொள்வதுண்டு. ஆனால் செற்றீப்பின் நினைவோடு பிரான்சுக்குச் சென்று, பிரெஞ்சு மேலாடை அணிந்து, பிரெஞ்சு இரசிகரின் அன்பைப் பெற்று வாழ்ந்தவரும் அதே மனிதரே. அன்பு பொய்யன்று, நினைவும் பொய்யன்று. வீரகாவிய வாசிப்பு இவ்விரண்டில் ஒன்றைக் கைவிடச் சொல்கிறது. அதுவே அதன் பெருங்குறை.

1958 ஏப்பிரல் நடுப்பகுதியில், சுவிற்சர்லாந்துடனான சிநேகபூர்வ ஆட்டத்துக்குச் சில நாட்களே இருந்த வேளையில், பிரெஞ்சுக் கழகங்களைச் சேர்ந்த அல்ஜீரிய ஆட்டக்காரர் சிலர் இரகசியமாக நாட்டைவிட்டு வெளியேறினர். தேசிய விடுதலை முன்னணிக்காக இதனை ஒழுங்குசெய்தவர் முகம்மது பூமெஸ்ராக். மொனாக்கோவிலிருந்து ஸித்தூனி, பென் திபூர், பெக்லூபி, பூபெக்கர் ஆகிய நால்வர் இத்தாலிய எல்லை வழியாகச் சென்றனர். கழக ஆட்டமொன்றிற் காயமுற்று மருத்துவமனையிலிருந்த மெக்லூபியை நண்பர்கள் அங்கிருந்தே அழைத்துச் சென்று சுவிற்சர்லாந்து எல்லையைக் கடந்தனர். கட்டாய இராணுவ சேவையில் இருந்தமையால் அவர் செய்தது படையைவிட்டு ஓடிய குற்றமாகவும் அமைந்தது. எல்லோரும் சென்றடையவில்லை. ஹசன் ஷாப்றி எல்லையிற் பிடிபட்டார். றேம்ஸ் கழகத்தின் முகம்மது மவூஷும் கைதானார். துனிஸ் நகரில் ஒன்றுகூடியோர் முதலிற் பத்துப் பேரளவினர். பின்வந்த ஆண்டுகளிற் சேர்ந்தவர்களோடு அது முப்பது பேரளவாயிற்று.

இச்செயலின் அரசியற் பொருளை உணர அதன் காலக்கணிப்பை நோக்குதல் வேண்டும். முன்னணி, ஆட்டக்காரரை 1956இலோ 1957இலோ அழைத்திருக்கலாம். உலகக் கிண்ணத்துக்கு இரண்டு மாதங்களுக்கு முன்னரே அழைத்தது. போர்க்களத்தில் நடப்பது ‘உள்நாட்டு ஒழுங்கு நடவடிக்கை’ மட்டுமே எனப் பிரெஞ்சு அரசு சொல்லிவந்த காலம் அது. விளையாட்டுப் பக்கத்தை மட்டும் படிக்கும் பிரெஞ்சு வாசகன், சென்ற வாரம்வரை தன் வீரர் என நம்பியிருந்தவர்கள் தம்மை வேறு நாட்டவர் எனக் கூறிச் சென்றுவிட்டதை அன்று காலையில் அறிந்தான். நூறு துண்டுப்பிரசுரங்கள் ஆற்றியிராத பணி அது. இதற்கு முந்திய ஆண்டில், 1957 மே மாதம், பிரெஞ்சுக் கிண்ண இறுதியாட்டம் முடிந்த கையோடு விளையாட்டரங்கின் வாயிலில் பிரான்சுக்கு ஆதரவான அலி ஷெக்கால் கொல்லப்பட்டிருந்தார்; அன்று வெற்றிபெற்ற துலூஸ் அணியில் ஆடிய பிறாஹிமியும் பூஷூக்கும் மறு ஆண்டு துனிஸ் சென்றவர்களுள் அடங்குவர். ஒரே விளையாட்டரங்கம் இரு வழிகளையும் கண்டிருக்கிறது. இரத்தமின்றிப் பேசிய வழி இரண்டாவது.

சுவீடனில் பிரான்ஸ் சிறப்பாகவே ஆடியது. பரகுவேயை 7-3 எனவும், ஸ்கொட்லாந்தை 2-1 எனவும் வென்று, யூகோஸ்லாவியாவிடம் 2-3 எனத் தோற்று, காலிறுதியில் வட அயர்லாந்தை 4-0 என மடக்கி அரையிறுதிக்குச் சென்றது. அங்கு எதிர்கொண்டது பதினேழு வயதுப் பெலேயைக் கொண்ட பிறேசிலை. ஆட்டம் 1-1 எனச் சமநிலையிலிருந்தபோது பிரான்சின் நடுப்பின்னணி ஆட்டக்காரர் றொபேட் ஜொங்க்கே கால் எலும்பு முறிந்து செயலிழந்தார். மாற்று ஆட்டக்காரரை இறக்க விதி இடந்தராத காலம் அது. பிரான்ஸ் 2-5 எனத் தோற்றது. மூன்றாமிடத்துக்கான ஆட்டத்தில் மேற்கு ஜெர்மனியை 6-3 என வென்றது. ஜொங்க்கே ஆடிய இடம் ஸித்தூனி வகித்திருந்த இடம் என்பதைச் சுட்டி, அவர் இருந்திருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் எனப் பிரெஞ்சு விளையாட்டெழுத்தாளர் பலர் பின்னர் வினவியதுண்டு. அவ்வினா பயனற்றது. ஸித்தூனியின் கால் முறிந்திராது என எவர் உறுதிகூற வல்லார்? எனினும் அவ்வினா எழுந்த முறை கவனிக்கத்தக்கது: போன மனிதர் எதற்காகப் போனார் என்பதை விடுத்து, அவர் போனதால் ஒரு கிண்ணம் போயிற்றா என்பதையே அது கேட்கிறது.

துனிஸில் உருவான குழாம் பிறிதொரு பட்டியலாகும். அது ஒரு நாட்டின் பட்டியலாக இருந்தபோதிலும் நாடு இன்னும் பிறக்கவில்லை. சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனம் அதனை அங்கீகரிக்க மறுத்தது. அதனோடு ஆடும் நாடுகள் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என எச்சரித்தது. மக்ரெப் நாடுகளிலும், கிழக்கு ஐரோப்பாவிலும், ஈராக், சீனா, வட வியற்நாம் ஆகிய நாடுகளிலும் ஐம்பதுக்கு மேற்பட்ட ஆட்டங்களை அவ்வணி ஆடியது. யூகோஸ்லாவியாவை 6-1 என வென்றதும் அவற்றுள் அடங்கும். இவையெல்லாம் பெருமைக்குரியனவே. ஆயினும் இந்த அணியைப் பாடுவோர் அதன் விலையைக் கணக்கிடுவதில்லை. பென் திபூர் முப்பது வயதைத் தாண்டியவர். ஸித்தூனி முப்பதை நெருங்கியவர். உதைபந்தாட்டக்காரனின் உழைப்பு ஆண்டுகள் விவசாயியின் ஆண்டுகளைப் போன்றவை அல்ல. அவை பத்துப் பன்னிரண்டு மட்டுமே. அவற்றுள் நான்கைக் கொடுத்தல் என்பது ஏறத்தாழ எஞ்சியதெல்லாம் கொடுத்தல். முன்னணியின் அழைப்பை மறுப்பது அக்காலத்தில் ஓர் அல்ஜீரியனுக்கு எளிதாகவும் இருந்திராது. தியாகத்தைத் தூய தன்விருப்பாக மட்டும் காட்டும் எழுத்து, தியாகம் செய்தவரை மதிப்பதாக எண்ணிக்கொண்டு, அவர் எதிர்நோக்கிய நெருக்கடியின் கனத்தைக் குறைத்துவிடுகிறது.

துனிஸில் இருந்த ஸித்தூனிக்கு சுவீடனிலிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது என்றும், கோபா, பொன்ரேன் முதலிய பழைய தோழர் அதிற் கையெழுத்திட்டிருந்தனர் என்றும் அறியப்படுகிறது. மராக்கேஷிற் பிறந்தவரும், நாடுகடத்தலுக்குத் தப்பிய குடும்பத்தவருமாகிய இருவர், தம் குழாத்தைத் துறந்தவருக்கு வாழ்த்து அனுப்பினர். ஆட்டக்காரரின் இச்செயலிற் காணப்படும் அரசியல் விவேகம் அன்றைய ஆட்சியாளரிடம் காணப்படவில்லை எனத் துணிந்து கூறலாம்.

1962 யூலையில் அல்ஜீரியா சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டின் இறுதியில் மெக்லூபி சென்-எற்றியென் கழகத்துக்கே திரும்பினார். அப்போது இரண்டாம் பிரிவில் இருந்த அக்கழகம் மறு பருவத்தில் முதற்பிரிவுக்கு ஏறி, 1964இல் மீண்டும் சம்பியனாயிற்று. அரங்கில் முதல்நாள் அவர் எவ்வாறு வரவேற்கப்படுவார் என்னும் அச்சம் நிலவியது. சுரங்கத் தொழிலாளர் நகரான சென்-எற்றியென் அவரை ஏற்றுக்கொண்டது. 1968 மே 12ஆம் திகதி பிரெஞ்சுக் கிண்ண இறுதியாட்டத்தில் போர்தோ அணிக்கெதிராக 2-1 என ஈட்டிய வெற்றியில் இரு கோல்களும் அவருடையவை. கிண்ணத்தை வழங்கிய ஜனாதிபதி டி கோல், பிரான்ஸ் என்பது நீங்களே என்னும் கருத்துப்பட அவரிடம் கூறினார் என ஒரு கதை நிலைபெற்றுள்ளது. கூறியிருக்கவும் கூடும். பத்தாண்டுகளுக்கு முன்னர் அதே மனிதர் படையைவிட்டு ஓடியவர். வெற்றி பெறுபவனைத் தேசம் தன்னவன் என உரிமைபாராட்டும் விரைவுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைத்தல் அரிது.

இப்பின்னணியில் 1998ஆம் ஆண்டின் பிரெஞ்சுக் குழாத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றை நோக்கினால் அவற்றின் ஆழமின்மை புலப்படும். அக்ராவிற் பிறந்த டெசாயி, டக்காரிற் பிறந்த வியேறா, குவாதலூப்பிற் பிறந்த துறாம், நியூ கலிடோனியாவின் கறெம்பூ, அல்ஜீரியாவின் கபிலியப் பிரதேசத்திலிருந்து வந்த குடும்பத்தில் மார்செய்யில் பிறந்த சிடான் ஆகியோரைக் கொண்ட குழாம் அது. 1996இலே அதே அணியை வெளிநாட்டாரைக் கொண்ட செயற்கையான அணியென இகழ்ந்தார் தீவிர வலதுசாரித் தலைவர் லு பென். இரண்டு ஆண்டுகளின் பின், இறுதியாட்டத்தில் பிறேசிலுக்கெதிராக சிடான் தலையால் முட்டி இரு கோல்களைப் போட்டதும், ‘கறுப்பர், வெள்ளையர், அராபியர்’ என்னும் மும்மைச் சுலோகம் எங்கும் ஒலித்தது. பிரச்சினை தீர்ந்துவிட்டது எனப் பத்திரிகைகள் எழுதின. கறெம்பூவின் மூதாதையர் ஒருவர் 1931ஆம் ஆண்டு பாரிஸில் நடந்த குடியேற்ற நாட்டுக் கண்காட்சியையொட்டிக் காட்சிப்பொருள் போல மக்கள்முன் நிறுத்தப்பட்ட கனாக் மக்களுள் ஒருவர் என்பதும், கறெம்பூ தேசிய கீதத்தைப் பாடாது நின்றார் என்பதும் அந்தக் கொண்டாட்டத்தினுள் அமுங்கிப்போயின. லு பென்னின் வாசிப்பும் கொண்டாடியோரின் வாசிப்பும் எதிரெதிரானவை போலத் தோன்றினும் ஒரே அடித்தளத்தில் நிற்பவை: ஆட்டக்காரன் பிரெஞ்சுக்காரனா அல்லனா என்பதை அவன் தோற்றத்தைக் கொண்டு முதலில் ஐயுற்று, பின்னர் ஒருவர் மறுக்கிறார், மற்றவர் வழங்குகிறார். வழங்கப்படுவது எப்போதும் மீளப்பெறப்படக்கூடியது.

அது மீளப்பெறப்பட்டதற்கு நெடுங்காலம் ஆகவில்லை. 2001 ஒக்ரோபர் 6ஆம் திகதி பாரிஸுக்கு அருகில் பிரான்சும் அல்ஜீரியாவும் முதன்முறையாகச் சந்தித்த ஆட்டத்தில் பிரெஞ்சுத் தேசிய கீதம் சீழ்க்கையொலியால் எதிர்க்கப்பட்டது. பிரான்ஸ் 4-1 என முன்னின்றபோது இளைஞர்கள் ஆடுகளத்துள் இறங்க, ஆட்டம் இடைநிறுத்தப்பட்டது. மறு ஆண்டு லு பென் ஜனாதிபதித் தேர்தலின் இரண்டாம் சுற்றுக்குத் தெரிவானார். 2011இல், பயிற்சி நிலையங்களில் இரட்டைப் பிரஜாவுரிமைக்கு வாய்ப்புள்ள சிறுவர்களின் தொகையை மட்டுப்படுத்துவது பற்றிப் பிரெஞ்சுச் சம்மேளனத்துள் நிகழ்ந்த உரையாடல் அம்பலமாயிற்று. அதிற் பங்குபற்றியோருள் 1998ஆம் ஆண்டு வெற்றிக் குழாத்தைச் சேர்ந்த ஒருவரும் இருந்தார். விசாரணையில் அவர் குற்றமற்றவராகக் காணப்பட்டார் எனினும், அத்தகைய உரையாடல் எழ முடிந்ததே போதிய செய்தியாகும். 1958இல் பட்டியலை விட்டு மனிதர் போயினர்; 2011இல், பட்டியலுக்கு வரக்கூடிய சிறுவர் பின்னொருநாள் போய்விடுவரோ என்னும் அச்சம் முன்கூட்டியே அவர்களை வடிகட்ட நினைத்தது.

அவ்வச்சத்துக்கு ஆதாரம் இல்லாமலும் இல்லை. ஒரு நாட்டின் இளைஞர் அணியில் ஆடியவர் பின்னர் பிறிதொரு நாட்டுக்கு ஆட விரும்பின் இருபத்தொரு வயதுக்குள் மாறவேண்டும் என்றிருந்த எல்லையை நீக்கும் யோசனையைச் சர்வதேச சம்மேளனத்தின் முன் வைத்த நாடு அல்ஜீரியாவே. 2009இல் அது ஏற்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் சூடானின் ஓம்துர்மானில் எகிப்தை வென்று அல்ஜீரியாவை உலகக் கிண்ணத்துக்கு அனுப்பிய கோலைப் போட்ட அன்தர் யஹியா பிறந்தது பிரான்சின் முலூஸ் நகரில். 2010, 2014 ஆகிய இரு உலகக் கிண்ணங்களுக்கும் அல்ஜீரியா அனுப்பிய குழாங்களில் அரைவாசிக்கும் மேற்பட்டோர் பிரான்சிற் பிறந்தவர்கள். 2022இல் அரையிறுதிவரை சென்ற மொறோக்கோவின் இருபத்தாறு பேரிற் பதினால்வர் அந்நாட்டுக்கு வெளியே பிறந்தவர்கள். இதனைத் தாயகப் பாசத்தின் வெற்றி எனக் கொண்டாடுவோர் பழைய வீரகாவிய வாசிப்பையே புதுப்பிக்கின்றனர். பிரெஞ்சுப் பயிற்சி நிலையங்களின் செலவில் வளர்ந்து, பிரெஞ்சுக் குழாத்தில் இடம் கிடைக்குமா என ஒரு முறையேனும் எண்ணிப்பார்த்து, தந்தையின் நாட்டைத் தெரிந்தவர்களும் அவர்களுட் பலர் உளர். தெரிவு இங்கு பாசமும் தொழிற்சந்தையும் கலந்த ஒன்று. கோபாவின் காலத்திலும் அது அவ்வாறே இருந்தது.

1982ஆம் ஆண்டு ஸ்பெயினில் அல்ஜீரியா முதன்முறையாக உலகக் கிண்ணத்தில் ஆடியபோது அதன் பயிற்றுநர்களுள் ஒருவராக மெக்லூபி இருந்தார். இருபத்துநான்கு ஆண்டுகளுக்கு முன் தாம் துறந்த சுற்றுப்போட்டிக்கு அவர் ஆட்டக்காரராக அன்றி இவ்வாறே வந்து சேர்ந்தார். யூன் 16ஆம் திகதி ஹிஹோன் நகரில் மஜேர், பெல்லூமி ஆகியோரின் கோல்களால் மேற்கு ஜெர்மனி 2-1 எனத் தோற்றது. ஒன்பது நாட்களின் பின், அதே நகரில், அல்ஜீரியாவின் ஆட்டங்கள் யாவும் முடிந்திருந்த நிலையில், மேற்கு ஜெர்மனியும் ஒஸ்திரியாவும் இரண்டையும் அடுத்த சுற்றுக்குக் கொண்டுசெல்லும் 1-0 என்னும் நிலை வந்ததும் பந்தைத் தமக்குள் உருட்டிக்கொண்டிருந்தன. அல்ஜீரியா வெளியேறியது. குழுவின் கடைசி ஆட்டங்கள் இரண்டும் ஒரே நேரத்தில் நடைபெறவேண்டும் என்னும் விதி அடுத்த உலகக் கிண்ணத்திலிருந்து நடைமுறைக்கு வந்தது. 2024 நவம்பரில் மெக்லூபி காலமானபோது இரு நாடுகளின் பத்திரிகைகளும் அவரைத் தம்மவர் என எழுதின. 1958ஆம் ஆண்டின் பிரெஞ்சுப் பட்டியலில் இருபத்திரண்டு பெயர்களே உள்ளன.